சைக்கிள் கரியரில் போன சிலை

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு சிலையைக் காணவில்லை.

களவெடுக்க அது வெண்கலமும் இல்லை, பித்தளையும் இல்லை. வைக்கோல், தென்னந்தும்பு, கிழிந்த மீன்வலை. முகம் மட்டும் சீமெந்தும் உமியும் குழைத்துச் செய்தது. அதை ஆர் எடுப்பார்?

காலையில் என் லான்ட்மாஸ்டரை, பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரத்தை, கழுவிக்கொண்டிருந்தேன். ஜெயந்தி ஓடிவந்தார். காலில் செருப்பில்லை.

"அண்ணை, என்ர ஆளைக் கண்டீங்களோ?"

"எந்த ஆள்?"

"வேலியோரம் நிண்டவர். காணேல்ல!"

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கடலேரிக் கரையில், பழைய தென்னந்தோட்டத்தில், ஒரு சிற்பப் பூங்கா இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் கலைஞர்கள் வருவார்கள். உள்ளூர், வெளியூர், வெளிநாடு. கொட்டிலில் தங்குவார்கள். கல்லைக் கொத்துவார்கள், இரும்பை ஒட்டுவார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பிறகு போய்விடுவார்கள். சிலைகள் நிற்கும்.

எனக்கு அங்கே கல் ஏற்றுகிற வேலை. ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் ஏற்றுவதும் நான்தான். ஒரே லான்ட்மாஸ்டர், ஒரே பெட்டி. காலையில் சிலைக்குக் கல். பின்னேரம் வீட்டுக்குக் கல். கல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

எனக்கு இந்தக் கலைஞர்களைப் பார்க்கப் பிடிக்கும். என்ன கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் துருப்பிடித்த தகரம் கேட்டார். புதுத் தகரம் கொண்டுபோனேன். கோபித்துக்கொண்டார். இன்னொருவர் ஓட்டைத் தோணி கேட்டார். "ஓட்டை எவ்வளவு பெரிசா இருக்கோணும்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றார். பதில் சொல்லவில்லை.

இந்த முறை யப்பானிலிருந்து ஒரு ஆட்டக்காரப் பிள்ளை வந்திருந்தது. ஆட்டம் என்றால்... மெதுவான ஆட்டம். அது ஒரு கையைத் தூக்கி முடிக்க நாங்கள் ஒரு ரீ குடித்து முடிக்கலாம். மட்டக்களப்பிலிருந்து கூத்து மத்தளக்காரர் ஒருவர். அவர் அதற்கு நேர் எதிர். சாப்பாட்டுக் கோப்பையையும் விடமாட்டார், தட்டிக்கொண்டே இருப்பார். மன்னாரிலிருந்து வந்தவர் ஜெயந்தி. சிலை செய்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துவந்தது.

அவர் அந்தச் சிலையைச் சிலை என்று சொல்வதில்லை. 'ஆள்' என்றுதான் சொல்வார். ஆள் உயரம் இருக்கும். ஒரு கண் சின்னது. வாய் பாதி திறந்திருக்கும், ஏதோ சொல்லப் போகிற மாதிரி. முதல் நாள் பார்த்தபோது நானே இரண்டு அடி பின்னால் போனேன். அந்த ஆளை வெயிலும் பனியும் படட்டும் என்று வேலிக்கு வெளியே, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். அப்போதுதான் நிறம் வருமாம். இரண்டு மூன்று நாளைக்குக் கிட்டப் போகக்கூடாதாம்.

பிழை அங்கேதான்.

எங்கள் ஊரில் வேலிக்கு வெளியே ஒரு பொருளை வைத்தால் என்ன அர்த்தம்? 'எங்களுக்கு வேண்டாம், தேவையானவர் எடுக்கலாம்.' கால் உடைந்த கதிரை, அடி கறுத்த சட்டி, பிள்ளை வளர்ந்துவிட்ட தொட்டில்... எல்லாம் இப்படித்தான் வீடு மாறும். கேட்கவும் தேவையில்லை, நன்றி சொல்லவும் தேவையில்லை. கேட்டால்தான் வெட்கம்.

மன்னார்க்காரிக்கு இது எப்படித் தெரியும்?

ஜெயந்தியைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் எது நடந்தாலும் கடை முன் நீள வாங்கில் இருக்கிற ஒருவராவது பார்த்திருப்பார்.

"சிலையோ? சிலை ஒண்டும் காணேல்ல," என்றார் கடைக்காரர். "ஆனா முந்தநாள் மேசன் செல்வம் ஆரோ ஒரு பெரியவரைச் சைக்கிள் கரியரில ஏத்திக்கொண்டு போனவன். ஆஸ்பத்திரிக்காக்கும் எண்டு நினைச்சம். மனிசன் காலைக்கூட மடக்கேல்ல."

"நான் கைகாட்டினனான்," என்றார் வாங்கில் இருந்த ஒருவர். "திரும்பியும் பாக்கேல்ல. சரியான பெருமைக்காரன்."

ஜெயந்தி என்னைப் பார்த்தார். நான் லான்ட்மாஸ்டரைத் திருப்பினேன்.

செல்வம் வேலை செய்வது மெற்றில்டாவின் வீட்டில். புருஷன் கட்டாரில். வீடு தொடங்கி நாளாகிவிட்டது. தொடங்கும், நிற்கும். ஒரு மாரியில் பக்கச் சுவர் விழுந்தது. பிறகு சாரக்கட்டு சரிந்து செல்வத்தின் கையாள் காலை முறித்துக்கொண்டான். பிறகு புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊர் பார்த்துப் பார்த்தே வீடு இப்படி ஆனது என்று மெற்றில்டா சொல்வார். கண்ணூறு.

கட்டுகிற வீட்டுக்குக் கண்ணூறு படாமல் ஒரு பொம்மை கட்டுவது எங்களிடம் வழக்கம். வைக்கோல் பொம்மை. காற்சட்டை, சேட்டு, பானைத் தலை. பார்க்கிறவனுடைய கண் முதலில் பொம்மையில் போகும், வீடு தப்பும். குடிபுகுகிற நாள்வரை இறக்கக்கூடாது.

தூரத்திலேயே தெரிந்தது. சாரக்கட்டின் மேல் மரத்தில் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார். நீலக் கோடு போட்ட சேட்டு. நீளக் காற்சட்டை. காற்றுக்குக் கை கொஞ்சம் ஆடியது. கீழே கதவு நிலையில் ஃபாதர் ஆசீர்வதித்துக் கொடுத்த சிலுவை. மேலே பொம்மை. இரண்டு காவலுக்கும் சண்டை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

மெற்றில்டா வெளியே வந்தார்.

"அக்கா, அது என்ர. தாங்கோ," என்றார் ஜெயந்தி.

"எது பிள்ளை?"

"மேல தொங்கிறது."

"அதோ? அது வேலியோரம் கிடந்தது."

"நான் வெயில் காய வைச்சனான் அக்கா."

"வெயில் காயிறதெண்டா முத்தத்தில வைக்கிறது. வேலிக்கு வெளியில ஆரும் காய வைக்கிறதோ?"

சாரக்கட்டின் மேலிருந்து செல்வம் எட்டிப் பார்த்தார். "கோவிக்காதேங்கோ மிஸ். நல்ல சாமான் எண்டபடியாத்தான் எடுத்தனான். இப்பிடி ஒரு மூஞ்சை தேடினாலும் கிடைக்காது. இவர் வந்ததில இருந்து என்ர நாய் இந்தப் பக்கம் வாறேல்ல."

"அது என்ர அப்பா," என்றார் ஜெயந்தி.

செல்வம் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயோ... நான் அவரைக் கயித்தால கட்டியெல்லோ கொண்டுவந்தனான்."

மெற்றில்டா மேலே பார்த்தார். முதன்முதலாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"அப்பாவெண்டா தரத்தான் வேணும்," என்றார். "ஆனா பிள்ளை, வாற சனிக்கிழமை மேல்தட்டுக் கொங்கிறீட். அண்டைக்குத்தான் ஊரே நிண்டு பாக்கும். நாங்கள் வேதக்காரர், உதுகளை நம்பிறேல்ல. ஆனா இவரைக் கட்டின பிறகு ஒரு கரைச்சலும் இல்ல. கட்டின அண்டைக்கே மணல் வந்தது."

மணலைக் கொண்டுவந்தது நான், இருட்டின பிறகு; மேலே பார்க்கவில்லை. பொம்மை சொல்லி நான் வரவில்லை. டீசல் கிடைத்தது, வந்தேன். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோங்கோவன்," என்றார் மெற்றில்டா.

"சனிக்கிழமைதான் எங்கட திறப்பு நாளும், அக்கா. அவர் இல்லாட்டி எனக்குக் காட்ட ஒண்டுமில்ல. இதுக்காகத்தான் நான் மன்னாரில இருந்து வந்தனான்."

கொங்கிறீட்டைத் தள்ளிப் போடலாமே என்று கேட்பீர்கள். ஏலாது. கொங்கிறீட் குழைக்கிற மெசின் குறிஞ்சாக்கேணி நசார் நானாவுடையது. சனிக்கிழமை விட்டால் மூதூருக்குப் போய்விடும். அது திரும்பி வரும்போது மாரி பிறந்துவிடும். மாரி பிறந்தால் அந்த வீடு இன்னொரு வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கடைசியில் ஜெயந்தி ஒரு வழி சொன்னார். "உங்களுக்கு வேறொரு ஆள் செய்து தாறன். அதைக் கட்டிப்போட்டு இவரைத் தாங்கோ."

மெற்றில்டா சம்மதித்தார். "பயங்கரமா இருக்கோணும். அவ்வளவுதான்."

திரும்பும்போது ஜெயந்தி உடனே பெட்டியில் ஏறவில்லை. அந்த வீட்டைச் சுற்றி நடந்தார். ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைகளுக்குள்ளால் பார்த்தார். பூசாத சுவரைக் கையால் தடவினார். தன் ஆளுக்கு முன்னால் கூட அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

புது ஆள் வியாழக்கிழமை பின்னேரம் தயார். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அதே வைக்கோல், அதே வலை, அதே சீமெந்து. முகம்தான்... எப்படிச் சொல்வது? சிரித்த முகம். கலியாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி.

மெற்றில்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "இது ஆருக்குப் பயம் காட்டும்? இவரைக் கண்டா ரீ குடிக்கவெல்லோ உள்ளுக்கு வருவினம்!"

செல்வமும் இறங்கிவந்து பார்த்தார். "என்ர நாய் வாலாட்டும் மிஸ்."

ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். வழியில் கேட்டேன். ஒரு முகத்தைச் செய்தவருக்கு அதே முகத்தைத் திரும்பச் செய்ய ஏன் ஏலாது? எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும் போல இருந்தது.

"பயங்கரமாத்தான் செய்ய வெளிக்கிட்டனான் அண்ணை. வரேல்ல. முதலாவதும் பயங்கரமா வரோணும் எண்டு செய்யேல்ல. கண்ணை மூடிக்கொண்டு பிசைஞ்சனான். அப்பா வந்தார்."

"போட்டோ பாத்துச் செய்யலாமே?"

"போட்டோ இல்ல. இடம்பெயரேக்க எல்லாம் போட்டுது. எனக்கு அப்ப சின்ன வயசு. அவற்ற முகம் எனக்கு மறந்துபோச்சு எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். கைக்கு மறக்கேல்ல."

லான்ட்மாஸ்டர் சத்தத்துக்குள் அதை இரண்டாம் தரம் சொல்லவைத்தேன். காது கேட்காமல் இல்லை.

"அந்த முகம் ஒருக்காத்தான் வந்தது அண்ணை. இனி வராது. அது உடைஞ்சா எனக்கு அப்பா இல்ல."

நான் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

சனிக்கிழமை வந்தது. பூங்காவில் பந்தல், மைக், கதிரை. கொழும்பிலிருந்து வேன்கள். பட்டணத்து ஓர்ஸ் ஹில் பக்கமிருந்தும் சனம். எல்லாச் சிலைக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய பலகை. ஜெயந்தியின் சீமெந்துப் பீடம் மட்டும் வெறுமை. அதைச் சுற்றி இரண்டு பேர் நடந்து பார்த்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டார்கள். வெறுமைதான் கலை என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜெயந்தி அங்கே இல்லை.

நான் மெற்றில்டா வீட்டுக்குச் சல்லிக்கல் ஏற்றினேன். அங்கே வேறு கரைச்சல். மெசின் வந்து ஓடுகிறது. மனிதர் காணாது. முதல் மழை பெய்துவிட்டது, பாதிக் கையாட்கள் விதைக்கப் போய்விட்டார்கள். கொங்கிறீட் வேலை தொடங்கினால் நிற்பாட்டக்கூடாது. பாதியில் விட்டால் அந்த இடத்தில் பிறகு வெடிக்கும், மழைக்கு ஒழுகும். கடற்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ட மெசின் ஓடும் மெற்றில்டா," என்றார் நசார் நானா. "தூக்கிற ஆள எங்க? மெசினே மேல ஏறிப் போடுமா?"

மெற்றில்டா கொங்கிறீட் நிரம்பிய தாச்சிச் சட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்தார். செல்வம் மேலிருந்து கத்தினார். "அக்கா, நீங்கள் ஒராள் சுமந்து விடியாது!"

ஜெயந்தி கீழே நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். சாரியின் முந்தானையை இடுப்பில் செருகினார். வந்து வரிசையில் நின்றார்.

நான் லான்ட்மாஸ்டரை விட்டேன் பூங்காவுக்கு. மைக்கில் ஒருவர் வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் மத்தளக்காரரின் காதில் சொன்னேன். "ஜெயந்தி கொங்கிறீட் தூக்குது. மழை வருது. ஆள் காணாது."

அவர் யோசிக்கவில்லை. மத்தளத்தோடு பெட்டியில் ஏறினார். யப்பான் பிள்ளை அவர் ஏறுவதைப் பார்த்துத் தானும் ஏறியது, வெள்ளை மாவு பூசிய முகத்தோடு. ஆடுகிறவர்களும் அடிக்கிறவர்களும் போனால் பார்க்க வந்தவர்கள் என்ன செய்வார்கள்? வேன்கள் எங்களுக்குப் பின்னால் வந்தன.

பிறகு நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பமாட்டேன். மெசின் வாயிலிருந்து சாரக்கட்டு வரைக்கும் வரிசை. கொழும்புக்காரர், கலைஞர், அயலவர். தாச்சி கைமாறிக் கைமாறிப் போனது. முதலில் பிசகியது. ஒருவர் நீட்ட மற்றவர் அங்காலே பார்த்தார், ஒரு தாச்சி கொட்டியது. மத்தளக்காரர் சுவரோரம் இருந்து அடிக்கத் தொடங்கினார். அடிக்கு ஒரு கை. அதற்குப் பிறகு கொட்டவில்லை.

யப்பான் பிள்ளையும் வரிசையில் நின்றது. தாச்சியை வாங்கியது. வாங்கிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பிள்ளையை வெளியில எடுங்கோ!" என்று செல்வம் கத்தினார். "கொங்கிறீட் இறுகப் போகுது!"

ரீ கொடுக்கிற வேலைக்கு மாற்றினோம். ரீ ஆறிப்போனது.

கமெரா வைத்திருந்த ஒருவர் செல்வத்திடம் கேட்டார். "இந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும்?"

"கொங்கிறீட் முடியேக்க," என்றார் செல்வம்.

முடிந்தது. மழை நனைக்காமல் மேலே படங்கு விரித்து மூடினோம். கடைசி மூலைக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும்போது மழை விழுந்தது. எல்லோரும் சுவருக்குள் ஒதுங்கினோம். ஆள் மட்டும் மேலே நனைந்துகொண்டிருந்தார்.

மெற்றில்டா ஜெயந்தியிடம் வந்தார். இருவரின் கையிலும் சீமெந்து.

"கொண்டுபோங்கோ பிள்ளை. செல்வம் இறக்கித் தருவார். இதுக்கு மேல நான் பிடிச்சு வைச்சிருந்தா அது மனிசத்தனம் இல்ல."

ஜெயந்தி கையைச் சாரியில் துடைத்தார்.

"இன்னும் என்ன வேலை இருக்கு அக்கா?"

"பூச்சு, கதவு, ஜன்னல்... என்ர மனிசன் லீவில வந்தாத்தான்."

"குடிபுகேக்க பொம்மையை என்ன செய்யிறது?"

மெற்றில்டா கீழே பார்த்தார். "வழமையா எரிக்கிறது." பிறகு அவசரமாகச் சொன்னார். "இவரை எரிக்கமாட்டன் பிள்ளை! அண்டைக்கு இவருக்குச் சேட்டு மாத்தி, முன்னுக்குக் கதிரை போட்டு இருத்துவன். பிறகு நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

"அப்ப இருக்கட்டும்."

"உங்கட திறப்பு?"

"அப்பா எங்கட வீட்டைக் கட்டி முடிக்கேல்ல அக்கா. சுவரோட நிண்டது. பிறகு நாங்கள் வெளிக்கிட்டிட்டம்." ஜெயந்தி மேலே பார்த்தார். "இதையாவது முடிக்கட்டும்."

செல்வம் சாரக்கட்டில் ஏறினார், மழைக்குள்ளேயே. ஆளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அக்குளுக்குள்ளால் துணி போட்டு, மெதுவாக, வலிக்காமல் கட்டுகிற மாதிரித் திரும்பக் கட்டினார். முகத்துக்கு மேலே ஒரு தகரத்தைச் சரித்து வைத்தார்.

கலைஞர்கள் போய்விட்டார்கள். சிலைகள் நிற்கின்றன. சிலை என்றால் வைத்த இடத்தில் நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது கல் ஏற்றும்போது ஒவ்வொன்றிடமும் கேட்கிறேன். உனக்கு இங்கே என்ன அலுவல்? வேறு எங்கேயாவது உன்னைத் தேடுகிறார்களா?

சிரித்த முகக்காரரை எனக்குத் தந்துவிட்டார் ஜெயந்தி. என் வயலில் நிற்கிறார். காகம் அவருடைய தோளில் இருந்து இளைப்பாறுகிறது.

பூங்காவில் அந்தப் பீடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. போகும்முன் ஜெயந்தி ஒரு பலகையும் பெயின்றும் தந்தார். என் எழுத்து வடிவில்லை என்றேன். பரவாயில்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். வருகிறவர்கள் வாசித்துவிட்டு என்னிடம் வழி கேட்கிறார்கள். மெற்றில்டா இப்போது தேயிலை கூடுதலாக வாங்கி வைக்கிறார்.

பலகையில் இருப்பது இவ்வளவுதான்: 'ஆள் வேலைக்குப் போயிருக்கிறார். வீடு முடிய வருவார்.'